உள்ளூர் விலை வைத்தியர்

படித்து வைத்தியரானவர்கள் உண்டு. பரம்பரையாக வைத்தியரானவர்களும் உண்டு. பென்ஷன் வாங்கியதால் வைத்தியரானவர்களைப் பார்க்க வேண்டுமென்றால் நீங்கள் தாய்லாந்தில் உடோன் தானிக்குத்தான் வரவேண்டும். காலை எட்டு மணிக்குச் சந்தைக்குப் பின்பக்கம், நுவன் அக்காவின் காப்பிக் கடையில், அரைக்கால் சட்டையும் சிவந்த மூக்குமாக நாலைந்து வெள்ளைக்காரப் பெரியவர்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளின் கால்களை நெளிய வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் எவர் பேசும்போது மற்றவர்கள் காப்பியை உறிஞ்சாமல் கேட்கிறார்களோ, அவர்தான். கழுத்தில் குழாய் இருக்காது. கர்வம் இருக்கும்.

சந்தேகமாக இருந்தால் பக்கத்தில் போய் ஒரு இருமல் இருமிப் பாருங்கள். சாதாரண மனிதராக இருந்தால் "என்னாச்சு?" என்பார். இவர், "எங்க காட்டினே? எவ்வளவு வாங்கினான்?" என்பார். நீங்கள் எந்தத் தொகையைச் சொன்னாலும் சரி, கண்ணை மூடி, தலையை மெதுவாக இரண்டு பக்கமும் ஆட்டி, இழவு வீட்டில் பேசுகிற குரலில், "ஏமாந்துட்டியேப்பா" என்பார். அதற்குப் பிறகு உங்கள் இருமலை யாரும் விசாரிக்கமாட்டார்கள். உங்களுக்கே அது ஞாபகம் இருக்காது.

டெஸ்மண்ட் இந்த இனத்தில் நன்கு விளைந்த ஒரு மாதிரி. வயது அறுபத்தெட்டு. இங்கிலாந்தில் முப்பத்தோரு வருஷம் லிஃப்ட் பழுது பார்த்தவர். ஆகவே மனித உடம்பும் அவருக்கு லிஃப்ட்தான். "மேல போகுது, கீழ வருது, கதவு தொறக்குது, மூடுது. இதைப் படிக்க ஆறு வருஷமாய்யா?" என்பார். இதயம் மோட்டார், முதுகெலும்பு இரும்பு வடம், மற்றதெல்லாம் பட்டன். உடோனுக்கு வந்து பதினோரு வருஷமாகிறது. மனைவி ராட்ரீ சந்தையில் துணிக்கடை வைத்திருக்கிறாள். கடையில் பேரம் பேசுகிறவர்களை விரட்டுவதில் கெட்டிக்காரி. வீட்டில் ஒருவரை விரட்ட முடியவில்லை.

மருத்துவக் காப்பீட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் டெஸ்மண்ட் நிமிர்ந்து உட்காருவார். வயது ஏற ஏறப் பிரீமியத்தையும் ஏற்றிக்கொண்டே போன கம்பெனிக்கு, அறுபத்து மூன்றாவது வயதில் பணம் கட்டுவதை அவர் நிறுத்திவிட்டார். கட்ட முடியாமல்தான் நிறுத்தினார். ஆனால் அந்த உண்மை அவர் வீட்டு அலமாரியோடு நின்றுவிட்டது. காப்பிக் கடைக்கு வந்தபோது அது கொள்கையாகியிருந்தது. "உடம்பை ஒழுங்கா வச்சுக்கிறவனுக்கு எதுக்குய்யா இன்சூரன்ஸ்?" என்று மூன்றாவது பொரித்த ரொட்டியைக் கெட்டிப்பாலில் முக்கியபடி கேட்பார். பெரிய தனியார் ஆஸ்பத்திரி என்றால் இன்னும் கொண்டாட்டம். "வாசல்ல பியானோ வாசிக்கிறா பாத்தியா? அவ சம்பளமும் உன் பில்லுலதான் வரும். மூல வியாதிக்குப் போனவன் சங்கீதத்துக்குக் காசு குடுத்துட்டு வரான்!" எல்லாரும் சிரிப்பார்கள். அதே பேச்சுக்கு நானூறு தடவை சிரித்தவர்கள்தான்.

இந்த ஊரில் குடியேறிய வெள்ளைக்காரருக்கு மோட்சம் என்று ஒன்று உண்டென்றால் அது உள்ளூர் விலை. மாம்பழத்திலும் முடிவெட்டிலும் வாடகைக் காரிலும் 'ஃபராங்', அதாவது வெள்ளைக்காரன், என்று தன்னைப் பிரித்து ஒரு பாட்கூட அதிகம் வாங்காத நாள் வரவேண்டும். அன்றுதான் பிறவி கடைத்தேறும். அதற்காக டெஸ்மண்ட் ஏழு தடவை மாவட்ட அலுவலகத்துக்கு நடந்து, கிராமத் தலைவரைச் சாட்சிக்கு இழுத்துக்கொண்டு போய், வெளிநாட்டுக்காரர்களுக்குக் கொடுக்கிற இளஞ்சிவப்பு அடையாள அட்டையை வாங்கிவிட்டார். குளிக்கும்போது மட்டும்தான் அது அவர் மார்பை விட்டு நகரும்.

அப்படிப்பட்டவருக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் முழங்கால் வலி வந்தது. ராட்ரீயின் கிராமத்து மளிகைக் கடைக்காரி, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, மீன் சாறு புட்டிகளுக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னப் பிளாஸ்டிக் பொட்டலத்தை எடுத்தாள். உள்ளே ஐந்து மாத்திரைகள்: இரண்டு வெள்ளை, ஒரு மஞ்சள், ஒரு பழுப்பு, ஒரு ரோஜா நிறம். பெயர் இல்லை, சீட்டு இல்லை. "நாத்து நடற சனம் பூரா இதத்தான் முழுங்குது. காலைல ஒரு பொட்டலம், அவ்வளவுதான்" என்றாள். விலை இருபது பாட். நாத்து நடுகிறவர்களுக்கும் இருபது பாட்!

டெஸ்மண்ட் கண் கலங்கிவிட்டார். மூன்றாம் நாள் கோயில் படியை இரண்டிரண்டாகத் தாண்டினார். ராட்ரீ தலையில் அடித்துக்கொண்டாள்.

"அதுல என்ன இருக்குன்னே தெரியாம திங்கறீங்களே! எங்க சித்தப்பாவுக்கு இதத் தின்னுதான் மூஞ்சி பூசணிக்கா மாதிரி ஊதிச்சு."

"உங்க சித்தப்பா மூஞ்சி முன்னாடியே அப்படித்தான்."

"உங்களுக்கும் ஊதும். அப்ப எங்கிட்ட கண்ணாடி கேக்காதீங்க."

ஒரு நல்ல மருந்தைத் தான் மட்டும் விழுங்கிவிட்டு இருக்க இந்த இனத்தாரால் முடியுமா? முடியாது. நார்வே தேசத்துக் கப்பல்களில் சமையல்காரராக இருந்த ஹால்வர், இடுப்பு வலியோடு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மனைவி இல்லை, பிள்ளை இல்லை; ஒரு நாய் மட்டும் உண்டு. தனியார் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படம் எடுக்க நாள் குறித்து வைத்திருந்தவரை டெஸ்மண்ட் தடுத்து நிறுத்தி, தன் கையாலேயே முப்பது பொட்டலங்கள் வாங்கிக் கொடுத்தார். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று ஹால்வர் அன்றிலிருந்து தினமும் காலை எட்டு மணிக்கு முன்னால், நாய்க்குச் சோறு வைத்த கையோடு, ஒரு பொட்டலம் போட்டுக்கொண்டு வந்தார்.

இந்த மார்ச் மாதம் டெஸ்மண்டுக்கு மூன்று நாளாகக் கழிவறையில் தார் மாதிரி கறுப்பாகப் போனது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. ஊர் முழுவதற்கும் வைத்தியம் சொன்னவர் யாரிடம் போய்க் கேட்பார்? நாலாம் நாள் காப்பிக் கடையில், வானிலை பேசுகிறவர்போல ஆரம்பித்தார்.

"பட்டாயாவுல எனக்கு ஒரு ஃப்ரெண்டு இருக்கான். பாவம், மூணு நாளா அவனுக்குக் கறுப்பாப் போகுதாம்."

"பீரை மாத்தச் சொல்லு" என்றார் ஆஸ்திரேலியாக்காரர் லாக்லன்.

"கறுப்புச் சோறு தின்னிருப்பான்" என்றார் ஹால்வர். "ஆஸ்பத்திரிக்கு மட்டும் போய்ட வேணாம்னு சொல்லு. பியானோ வாசிச்சே கொன்னுடுவாங்க!"

மேசை அதிரச் சிரித்தார்கள். டெஸ்மண்டும் சிரித்தார். தான் பெற்ற பிள்ளை தன்னையே அடித்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. சிரித்துக்கொண்டே எழுந்தார். தரையும் எழுந்தது.

நுவன் அக்கா போட்ட கூச்சலில், கழுத்தில் அளவு நாடா தொங்க ராட்ரீ ஓடிவந்தாள். காய்கறி வண்டியில் முட்டைக்கோசுகளைத் தள்ளிவிட்டு அவரைக் கிடத்தினார்கள். அரசாங்க ஆஸ்பத்திரிக்கு வண்டி பறந்தது. பாதி வழியில் டெஸ்மண்ட் கண்ணைத் திறந்தார்.

"ராட்ரீ, இப்ப போனா நம்பர் கிடைக்காது. அஞ்சு மணிக்கே இடம் பிடிக்கச் செருப்பை வரிசைல வச்சிருக்கணும்..."

"யோவ், வாய மூடிட்டுப் படு! உசுரு போற நேரத்துல செருப்ப வைக்கணுமாம்!"

திட்டிக்கொண்டே அவர் கையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். பிடித்த இடம் வலித்தது. வலிக்கிறது என்று அவர் சொல்லவில்லை.

சக்கர நாற்காலியில், சுண்ணாம்பு நிறத்தில் உட்கார்ந்துகொண்டு, பதிவு செய்யும் இடத்தில் அவர் செய்த முதல் காரியம் என்ன என்கிறீர்கள்? சட்டைப்பையிலிருந்து இளஞ்சிவப்பு அட்டையை எடுத்து நீட்டியதுதான். "உள்ளூர்... விலை" என்றார்.

அங்கிருந்த பெண் அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். "ஐயா, இது மிருகக்காட்சிசாலை டிக்கெட்டுக்குத்தான் செல்லும். இங்க வெளிநாட்டுக்காரங்களுக்குத் தனிக் கட்டணம்." பிறகு அவர் முகத்தைப் பார்த்தவள், அட்டையை அவர் மடியில் போட்டுவிட்டு, நாற்காலியைத் தானே உள்ளே தள்ளிக்கொண்டு ஓடினாள்.

டாக்டர் வரண்யாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. வயிற்றை அழுத்திப் பார்த்தாள். "உள்ள எங்கயோ ரத்தம் கசியுது ஐயா. என்ன மாத்திரை சாப்பிடறீங்க?"

"ஒண்ணும் இல்ல."

"வலி மாத்திரை, நாட்டு மருந்து, எதுவும்?"

"நான் மாத்திரையே தொடறதில்ல டாக்டரம்மா."

ராட்ரீ அவரையே பார்த்தாள். அவள் திட்டியிருந்தால் சமாளித்திருப்பார். டாக்டரும் காத்திருந்தாள். சுவரிலிருந்த மின்விசிறி ஒருமுறை இந்தப் பக்கம் வந்து, ஒருமுறை அந்தப் பக்கம் போனது.

"சின்னப் பொட்டலம்" என்றார் டெஸ்மண்ட் கடைசியில். "அஞ்சு மாத்திரை. தினமும். ரெண்டு வருஷமா."

டாக்டர் கோபப்படவில்லை. எழுதிக்கொண்டாள். "இன்னிக்குக் காலைல மட்டும் நீங்க மூணாவது ஆள். மத்த ரெண்டு பேரும் கரும்பு வெட்டறவங்க" என்றாள்.

உயிர் ஊசலாடுகிற நேரத்தில் ஒரு மனிதனுக்கு என்ன தோன்ற வேண்டும்? கடவுள் தோன்றலாம். டெஸ்மண்டுக்கு, சொல்லவே வெட்கம், கொஞ்சம் பெருமையாக இருந்தது. பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக, கலப்படமில்லாத உள்ளூர்க்காரனின் நோய் அவருக்கு வந்திருந்தது.

பெருமை நீடிக்கவில்லை. "அந்தப் பொட்டலத்துல வயித்தப் புண்ணாக்கற வலி மாத்திரையும் இருக்கும், ஸ்டீராய்டும் இருக்கும்" என்றாள் டாக்டர். "வேற யாராச்சும் சாப்பிட்டா உடனே இங்க வரச் சொல்லுங்க. தானா திடீர்னு நிறுத்தறதும் ஆபத்து. வயித்துல ஓட்டை விழுந்து தனியாக் கிடந்தா, காப்பாத்தறது கஷ்டம்." அப்புறம் வாய் வழியாகக் குழாய் விட்டார்கள். புண்ணை அடைத்தார்கள். ரத்தம் ஏற்றினார்கள்.

மறுநாள் காலை முப்பது கட்டில் போட்ட வார்டில் கண் விழித்தார். பக்கத்துக் கட்டில்காரரின் குடும்பம் தரையில் பாய் விரித்து ஒட்டும் சோறு பிசைந்துகொண்டிருந்தது. அவருக்கும் ஒரு உருண்டை நீட்டி, நர்ஸிடம் திட்டு வாங்கியது. ராட்ரீ ஸ்டூலில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். சுவர்க் கடிகாரத்தில் ஏழே முக்கால்.

தனியாக இருக்கிற ஒருவர் இந்நேரம் நாய்க்குச் சோறு வைத்துக்கொண்டிருப்பார்.

டெஸ்மண்ட் போனைக் கையில் எடுத்தார். கீழே வைத்தார். சொல்லிவிட்டால் முடிந்தது, நாளையிலிருந்து காப்பிக் கடையில் தன் வைத்தியர் நாற்காலியில் லாக்லன் உட்காருவான், பீரை மாத்தச் சொல்கிற லாக்லன்! ராட்ரீயை விட்டுச் சொல்லச் சொல்லலாமா? இல்லை, அந்த மளிகைக் கடையை மூடிவிட்டார்கள், மருந்து மாறிவிட்டது என்று ஏதாவது கதை கட்டலாமா? கதைகள் நன்றாகத்தான் வந்தன. முள் ஏழு ஐம்பத்தைந்துக்கு வந்தது.

"ஹால்வர், முழுங்கிட்டியா?"

"தண்ணி கைல இருக்கு. நீ எப்படிய்யா இருக்கே? நேத்து..."

"கீழ வை."

"தண்ணியவா, மாத்திரையவா?"

"மாத்திரைய. ஹால்வர், கேளு. பட்டாயாவுல ஃப்ரெண்டெல்லாம் கிடையாது. அது நான்தான்."

"தெரியும். பட்டாயாவுல உன்கூட யாருய்யா பேசறாங்க?"

"நான் சொன்னது தப்பு. உன்னப் படம் எடுக்க விடாம தடுத்தது தப்பு. எனக்கு வைத்தியம் ஒண்ணும் தெரியாது. லிஃப்ட்தான் தெரியும்." பதினோரு வருஷமாக எவரிடமும் சொல்லாத ஒரு வாக்கியம் மிச்சமிருந்தது. "பொட்டலத்த எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வா."

அந்தப் பக்கம் நாய் மட்டும் குரைத்தது. பிறகு ஹால்வர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, நாய்க்குக்கூடக் கேட்கக்கூடாது என்பதுபோலச் சொன்னார்:

"எனக்கும் முந்தாநாள்லேர்ந்து கறுப்பாத்தான் போகுது. நீ சிரிப்பியோன்னு சொல்லல."

டெஸ்மண்ட் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நான் போனை வைக்கல. நீ செருப்பை மாட்டு" என்றார்.

"மாட்டறேன், மாட்டறேன்." செருப்புச் சத்தம் கேட்டது. கதவு திறக்கும் சத்தம் கேட்டது. "ஆமா, அங்க கட்டிலுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு போடறான்?"

டெஸ்மண்டுக்கு அந்தத் தொகை தெரியும். கண் விழித்ததும் முதல் வேலையாக அதைத்தான் நர்ஸிடம் கேட்டிருந்தார். ரத்தத்துக்கு எவ்வளவு, குழாய்க்கு எவ்வளவு, பக்கத்துக் கட்டில்காரருக்கு எவ்வளவு என்பது உட்பட. சொன்னார்.

ஏன் இப்படி மேலும் கீழும் தேடுகிறீர்கள்? தொகையைச் சொல்லாமல் விட்டுவிட்டேன் என்றுதானே? ஒரு மனிதர் சாகக் கிடந்து பிழைத்திருக்கிறார். இன்னொருவர் வயிற்றில் ரத்தக் கசிவோடு நாயைக் கூட்டிக்கொண்டு தெருவில் ஆட்டோ தேடுகிறார். அவர் வந்து சேர்ந்தாரா என்று நீங்கள் கேட்கவில்லை. மொத்தம் எவ்வளவு ஆச்சு என்றுதான் உங்கள் வாயில் வந்தது. வெட்கப்படாதீர்கள், எனக்கும் அதுதான் முதலில் வந்தது. ஹால்வர் வந்துவிட்டார், நன்றாக இருக்கிறார். நீங்கள் நாளைக் காலை எட்டு மணிக்கு நுவன் அக்கா கடைக்கு வந்துவிடுங்கள். லாக்லனுக்குப் பக்கத்தில் இடம் பிடித்து வைக்கிறேன்.