மதிப்பிற்குரிய தலைவருக்குப் பின்னால் ஓர் எதிரி

ஒரு காட்டில் திடீரென்று நெட்வொர்க் நன்றாகக் கிடைக்கத் தொடங்கியது. அன்று முதல் அங்கிருந்த விலங்குகள் முட்டுவதையும் கடிப்பதையும் விட்டுவிட்டு, போன் விளையாட்டில் ஒன்றையொன்று சுட்டுக்கொள்ள ஆரம்பித்தன. சிறுத்தை மட்டும் இரண்டையும் செய்தது.

அந்தக் காட்டின் துப்பாக்கிச் சண்டை அணிக்குக் காட்டெருது தலைவர். அது ஈர மூக்கால் விளையாடும். அதனால் குண்டு ஓரிடத்தைக் குறிவைத்து வேறோர் இடத்துக்குப் போகும். இதை யாரும் அதனிடம் சொன்னதில்லை. மந்தி மரக்கிளையில் உட்கார்ந்து விளையாடும். தலைவர் எது சொன்னாலும் ஆமாம் போடும். உண்மையில் சுடுவது கீரி. நான்காவது இடம் காலியாக இருந்தது. அதற்கு முயல் அளவே உள்ள ஒரு சருகுமான் வந்து நின்றது.

சருகுமானின் குடும்பத்தில் போன் பிடித்த முதல் ஆள் அதுதான். அணியில் நிரந்தர இடம் கிடைத்தவர்கள் குடும்பத்தோடு ஆற்றங்கரை மேட்டில் குடியேறலாம் என்பது காட்டின் வழக்கம். மேட்டைச் சுற்றிக் காட்டெருதுகள் படுத்திருக்கும். சிறுத்தை அந்தப் பக்கம் வராது. சருகுமானின் அம்மாவும் தங்கையும் அப்போது இருந்தது புதருக்குள். அங்கே வரும்.

"செந்நாய்ங்களோட போட்டி இருக்கு. அதுவரைக்கும் பார்ப்பேன்," என்றது காட்டெருது. "அப்புறம் வெச்சுக்கிறதா, அனுப்புறதான்னு சொல்றேன்."

"தலைவர் சொல்லிடுவார்," என்றது மந்தி மேலிருந்து.

விளையாடும்போது திரை ஓரத்தில் ஒரு வட்டம் தெரியும். அதைத் தொட்டால் எட்டுக் கட்டளைகள் விரியும். ஒன்றைத் தொட்டால், அணியில் எல்லோருடைய போனிலும் ஒரு குரல் அதை உரக்கச் சொல்லும். சருகுமானுக்கு இது வசதியாக இருந்தது. அதன் இனத்தில் வாயைத் திறந்து கத்திப் பிழைத்தவர்கள் யாருமில்லை.

முதல் நாள் பயிற்சியில், காட்டெருதுக்குப் பின்னால் ஓர் எதிரி வருவதைச் சருகுமான் பார்த்தது. வட்டத்தைத் தொட்டது. "ஓடு!" என்றது போன்.

காட்டெருது விளையாட்டை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கியது. "யாரு என்னை ஓடச் சொன்னது? இந்தக் காட்டுல என்னை ஓடச் சொல்ற ஒருத்தன் பொறந்திருக்கானா?"

அதற்குள் திரையில் அதன் உருவம் செத்து விழுந்தது.

"செத்தது பெரிசில்ல தம்பி," என்றது காட்டெருது. "எப்படிச் செத்தேன் பாத்தியா, ஒரு மரியாதை இல்லாம?"

"எப்படிச் செத்தார் பாத்தியா?" என்றது மந்தி.

அன்று மாலை சருகுமான் கட்டளைகளை மாற்றி எழுத உட்கார்ந்தது. எத்தனை எழுத்து வேண்டுமானாலும் எழுதலாம் என்று விளையாட்டு அனுமதித்தது. அதை உருவாக்கியவர்கள் சருகுமானைப் பார்த்ததில்லை.

"ஓடு" என்ற இடத்தில், "மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, வணக்கம். தங்களுக்குப் பின்னால் எதிரி ஒருவர் வருகிறார்" என்று எழுதியது. வருவது எதிரி இல்லாமல் நிழலாக இருந்தால் பொய் சொன்னதாகிவிடுமே என்று தோன்றியது. "வருவது போல் தெரிகிறது" என்று திருத்தியது. "என் பார்வையில் பிழை இருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன்" என்று சேர்த்தது. முடித்த பிறகும் ஏதோ குறைவது போலிருந்தது. "இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள, சருகுமான்" என்று போட்டதும்தான் மூச்சு வந்தது. மற்ற ஏழையும் அப்படியே எழுதியது. "குண்டு தீர்ந்துவிட்டது" என்பதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டுமா என்று வெகுநேரம் யோசித்து, கேட்டே வைத்தது.

கீரி எட்டிப் பார்த்தது. "டேய், என்னடா இது? இது படிச்சு முடிக்கிறதுக்குள்ள எதிரி வந்து, சுட்டு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பான்."

"நீங்க என்னண்ணே வெச்சிருக்கீங்க?"

கீரி தன் வட்டத்தைக் காட்டியது. எட்டு இடத்திலும் "டேய்!" என்றே இருந்தது.

"எட்டும் ஒண்ணுதானேண்ணே?"

"அவசரத்துல எங்க தொட்டாலும் வரணும்ல?"

போட்டி நாள் வந்தது. மூன்று சுற்று; தலைவர் செத்தால் அந்தச் சுற்று போயிற்று. நான்கு விலங்குகளும் ஆலமரத்தடியில் ஒட்டி உட்கார்ந்துகொண்டன. மந்தி மட்டும் கிளையில்.

முதல் சுற்றில் கடைசியாக மிஞ்சிய செந்நாய் காட்டெருதுக்குப் பின்னால் பதுங்கி வந்தது. கீரி வட்டத்தைத் தொட்டது. "டேய்!" என்றது எல்லாப் போனும். எவன் என்று பார்க்கக் காட்டெருது கோபத்தோடு திரும்பியது. திரும்பிய வேகத்தில் மூக்கு திரையில் பட்டு, அதன் உருவமும் திரும்பிச் சுட, செந்நாய் செத்தது. சுற்று இவர்களுக்கு.

வென்ற காட்டெருது கீரியைப் பார்த்தது. "இனிமே நீ அந்த வட்டத்தைத் தொடக் கூடாது."

இரண்டாம் சுற்றில் மறுபடியும் பின்னால் ஒரு செந்நாய். கீரி பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தது. சருகுமான் வட்டத்தைத் தொட்டது.

"மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, வணக்கம்," என்றது போன்.

"ம், வணக்கம். சொல்லு," என்றது காட்டெருது. அடுத்த நொடி செத்தது.

ஆளுக்கொரு சுற்று. மூன்றாம் சுற்றில் கீரியைச் செந்நாய்கள் முதலிலேயே தீர்த்துவிட்டன. கடைசிச் செந்நாய் காட்டெருதின் முதுகை நோக்கி மெல்ல வந்தது. சருகுமான் பார்த்துவிட்டது. காட்டெருது பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை கத்தினால் போதும். சருகுமான் வாயைத் திறந்தது. காட்டெருதின் முகத்தைப் பார்த்தது. புதரை நினைத்தது. வாயை மூடிக்கொண்டு வட்டத்தைத் தொட்டது.

இந்த முறை செந்நாய்க்குக் குறி சற்றுத் தாமதமாகத்தான் அமைந்தது. காட்டெருது "இப்படிக்கு" வரை உயிரோடு இருந்தது.

தோற்ற அணி மரத்தடியிலேயே கூடியது.

"கீரி வெளிய போகலாம்," என்றது காட்டெருது.

"அண்ணே, நான் டேய்னு சொன்னதாலதான் முதல் சுற்றுல நீங்க உயிரோட இருந்தீங்க!"

"இருந்தேன். எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு இருந்தேன்?"

"எந்த மூஞ்சியை?" என்றது மந்தி.

சருகுமானுக்குத் தாங்கவில்லை. "அண்ணே, தப்பு என்னோடது. என் செய்தி முடியுறதுக்குள்ள நீங்க செத்துட்டீங்க. ரெண்டு தடவை."

"கேட்டுக்கிட்டேதானப்பா செத்தேன்," என்றது காட்டெருது. "நல்லா இருந்துச்சு. நீ நிரந்தரம். இனிமே எல்லோரோட வட்டத்தையும் நீயே எழுதிக் குடு."

கீரி போனை எடுத்துக்கொண்டு நேராகச் செந்நாய்களிடம் போனது. அவை அதனிடம் ஒன்றே ஒன்று கேட்டன: சீக்கிரம் சொல்வாயா? அதன் பிறகு செந்நாய்கள் எந்தப் போட்டியிலும் தோற்கவில்லை. காட்டெருதின் அணி எந்தப் போட்டியிலும் வெல்லவில்லை. ஆனால் அதைப் போல மரியாதையாகத் தோற்கும் அணி சுற்றுவட்டாரத்தில் எங்கும் இல்லை என்று பேர் எடுத்தது.

சருகுமான் குடும்பம் மேட்டுக்குக் குடிவந்தது. அம்மா முதல் முறையாக இரண்டு கண்ணையும் மூடித் தூங்கினாள். சருகுமான் பக்கத்தில் விழித்துக் கிடந்தது. கீரியிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு செய்தி எழுதத் தொடங்கியிருந்தது. "மதிப்பிற்குரிய" என்பதற்கு மேல் ஓடவில்லை.

வேலை தேடும் விலங்குகளுக்கான நீதி: தலைவரைக் காப்பாற்றவும் வேண்டும், வணங்கவும் வேண்டும், நேரமோ ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால், வணங்கிவிடு; வணங்கப்படாமல் காப்பாற்றப்பட்ட தலைவர் அதை மறக்கவே மாட்டார்.