ஏறாத சார்ஜ்

லாரிக்காரர் சாவியைத் திருப்பினார். வண்டி ‘டக்’ என்றது. மறுபடி திருப்பினார். மறுபடியும் ‘டக்’. அதற்கு மேல் பேச்சு மூச்சு இல்லை.

பின்னால் கட்டில், பீரோ, மெத்தை, தையல் மெஷின் என்று ஒரு குடித்தனமே ஏறி உட்கார்ந்திருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவர் வீட்டு மாடி அறையில் இருந்த மகளும் மாப்பிள்ளையும் இன்றைக்குத் தனிக்குடித்தனம் போகிறார்கள். சாயங்காலத்துக்குள் வந்து சாவி வாங்காவிட்டால் வேறு ஆளுக்கு விட்டுவிடுவேன் என்று புது வீட்டின் சொந்தக்காரர் கறாராகச் சொல்லியிருந்தார்.

ஏற்பாடெல்லாம் லாரிக்காரருடையதுதான். மாப்பிள்ளை வாய் திறந்து எதையும் கேட்கிற ரகம் இல்லை. மாமனார் வீட்டில் இருக்கிறோமே என்று உள்ளுக்குள் கூசுகிறார், நாமாகப் புரிந்துகொள்வதுதான் மரியாதை என்று இவரே முடிவு செய்து, இவரே வீடு பார்த்து, ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் இவரே அறிவித்தும் விட்டார். யாரும் மறுத்துப் பேசவில்லை. அன்றிலிருந்து அவருக்குச் சரியான தூக்கம் கிடையாது. மகள் இல்லாத வீட்டை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அதை வெளியே காட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக இரண்டு நாளாக எல்லாரிடமும் எரிந்து விழுந்துகொண்டிருந்தார்.

“என்னங்க, கிளம்பலையா?” என்று வாசலில் இருந்து மனைவி கேட்டாள்.

“கிளம்பும். ரெண்டு பேட்டரி வண்டி இது. ஒண்ணு படுத்தாலும் இன்னொண்ணு இழுத்துக்கிட்டுப் போயிடும்.”

“அப்புறம் ஏன் டக்குடக்குங்குது?”

“அதைத்தானே பாக்கப்போறேன்!”

புதிதாக ஒரு மீட்டர் வாங்கி வைத்திருந்தார். வீட்டில் டார்ச் லைட், டிவி ரிமோட் எதையும் அது விட்டுவைத்ததில்லை. முன்மூடியைத் தூக்கி, டிரைவர் பக்கத்து பேட்டரியில் ரப்பர் மூடியின் ஓரமாக மீட்டர் ஊசியை நுழைத்து வைத்தார். பன்னிரண்டரை வோல்ட். கிளீனர் பக்கத்து பேட்டரியில் வைத்தார். அதுவும் பன்னிரண்டரை.

“ரெண்டும் முழுசா இருக்கே!”

“அப்பா, நட்டெல்லாம் டைட்டா இருக்கான்னு பாத்தீங்களா?” என்றாள் மகள்.

“நேத்து சாயங்காலம் என் கையால முறுக்கி, ரப்பர் மூடி போட்டு வச்சிருக்கேன். நான் முறுக்கினா முறுக்கினதுதான். வோல்ட் இருக்கு, தெம்பு இல்ல. அதான் விஷயம்.”

தெருவில் வந்த பால் வேனைக் கை காட்டி நிறுத்தினார். அதன் பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்து, லாரியின் பேட்டரி ஒயர் ஸ்டார்ட்டரில் போய்ச் சேரும் முனையில் கவ்வ விட்டார். சாவியைத் திருப்பியதும் லாரி குலுங்கி, கரும்புகை கக்கி உயிர் பெற்றது.

“பாத்தியா!” என்று மனைவியிடம் ஒரு வெற்றிப் பார்வை. அதோடு ஏறிப் போயிருக்கலாம். கையில் மீட்டர் இருக்கிறவரால் அப்படிப் போக முடியுமா? ஓடுகிற வண்டியில் பேட்டரியைச் சோதித்தார். பதினாலு காட்ட வேண்டியது பன்னிரண்டரையைத் தாண்டவில்லை.

“டைனமோ சார்ஜே ஏத்தல. பெல்ட் லூஸா இருக்கும்” என்று சொல்லி, எஞ்சினை நிறுத்தினார். நிறுத்திய பிறகுதான் பால் வேன் போய்விட்டது தெரிந்தது.

பெல்ட்டை இறுக்கினார். மனசில் இருந்த பாரத்தையெல்லாம் அந்த ஸ்பானரில் காட்டி இறுக்கினார். அடுத்த தெருவுக்கு ஓடிப்போய்ப் பால்காரரைக் கெஞ்சிக் கூட்டி வந்தார். மறுபடி ஒயர் கொடுத்து, லாரி கிளம்பியது. கிளம்பிய வேகத்தில் பெல்ட் ‘கீச்’ என்று அலறி அறுந்து விழுந்தது.

“சரிண்ணே, நான் வரேன்” என்று பால்காரர் தம் வேனில் ஏறிச் சாவியைத் திருப்பினார்.

‘டக்’ என்றது வேன். அதிலிருந்த கொஞ்சநஞ்சத்தையும் லாரி உறிஞ்சியிருந்தது.

“அண்ணே, வேனுக்குள்ள பூரா பாலுண்ணே!” என்று அவர் தலையில் கை வைத்தார். விஷயம் பரவி, தெருக்காரர்கள் பாத்திரத்தோடு வேனைச் சுற்றி வந்து நின்றார்கள். பால்காரர் அழுவதா, வியாபாரத்தைக் கவனிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் மாறி மாறிச் செய்தார்.

மாப்பிள்ளை மட்டும் காலையிலிருந்து சுவரோரமாக நின்று தம் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பரவாயில்ல மாமா, நிதானமாப் பாருங்க” என்றார்.

லாரிக்காரருக்குச் சுருக்கென்றது. ‘வீட்டை விட்டு எப்போது கிளம்புவோம் என்று மனுஷன் துடிக்கிறார். நல்ல இடத்துப் பிள்ளை, நாசூக்காகச் சொல்கிறார்.’ மானம் போயிற்று. வேறு வழியில்லாமல் மச்சினனுக்கு போன் போட்டார். மச்சினன் மெக்கானிக். அவனைக் கூப்பிடுவதில்லை என்பதை இத்தனை வருஷமும் ஒரு கொள்கையாகவே வைத்திருந்தார்.

மச்சினன் புது பெல்ட்டும் கையில் ஒரு பேட்டரியுமாக வந்தான். முதலில் பால் வேனைக் கிளப்பி அனுப்பினான். அப்புறம் பெல்ட்டை மாட்டி, லாரியையும் ஓடவிட்டு, மீட்டரை வாங்கி நேரே டைனமோவில் வைத்தான்.

“அத்தான், பதினாலு தாராளமா வருதே. டைனமோ நல்லாத்தான் இருக்கு.”

“அப்போ பேட்டரியில ஏன் காட்டல?”

“அனுப்புறவன் ஒழுங்கா அனுப்புறான். போய்ச் சேரல. நடுவுல ஏதோ விட்டிருக்கு.”

எஞ்சினை நிறுத்திவிட்டு, டிரைவர் பக்கத்து ரப்பர் மூடியைத் தூக்கி, ஒயர் நுனியை இரண்டு விரலால் ஆட்டினான். அது கையோடு வந்தது.

லாரிக்காரர் அந்த ஒயரைப் பிடுங்கிப் பார்த்தார். “என் கையால முறுக்கினதுடா!”

“முறுக்கினீங்க. யாரோ ஸ்பானர் போட்டுக் கழட்டிட்டு, மூடியை அழகா மறுபடி மாட்டியிருக்காங்க.”

வாசலில் ஒரு விசும்பல் கேட்டது. மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

“நான்தாங்க. காலையில எந்திரிச்சதும் கழட்டினேன். இன்னும் ஒரு நாள், ஒரே ஒரு நாள் பொண்ணு கூட இருக்கட்டுமேன்னு...”

திட்டுவதற்கு வாயைத் திறந்தார் லாரிக்காரர். கண்ணில் தண்ணீர்தான் வந்தது. டீசல் புகை என்று சொல்லலாம் என்றால் வண்டி ஓடவும் இல்லை.

“சொல்லியிருக்கலாமேடி” என்றார், சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தபடி. “எனக்கு மட்டும் நெஞ்சு கல்லா?”

இதற்குள் மச்சினன் கிளீனர் பக்கம் போயிருந்தான். “அக்கா! இந்தப் பக்கத்தையும் ஏன் கழட்டின?”

“ஐயோ, சத்தியமா இல்லடா! நான் ஒரு பக்கம்தான். ஒண்ணைக் கழட்டினா இழுத்து இழுத்துக் கிளம்பும், பாத்துட்டு நாளைக்குப் போகலாம்னு சொல்லுவாருன்னு நினைச்சேன். இப்படிக் கட்டையாட்டம் கிடக்கும்னு நான் என்னத்தைக் கண்டேன்?”

எல்லாரும் மகளைப் பார்த்தார்கள்.

“என்னை ஏன் பாக்கறீங்க? நானா இருந்தா சக்கரத்தையே கழட்டியிருப்பேன்” என்றாள் அவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

சுவரோரம் யாரோ தொண்டையைச் செருமினார்கள். மாப்பிள்ளை செருப்பிலிருந்து கண்ணை எடுத்து, முதல் முறையாக மாமனாரை நேருக்கு நேர் பார்த்தார்.

“அந்தப் பக்கம் நான்தான் மாமா. தனிக்குடித்தனம் வேணும்னு உங்ககிட்ட நான் எப்ப கேட்டேன்?”