'வருகிறேன்' என்று எழுதியதால் வந்த கேடு

காஜா பெராங், மலாக்கா
19 செப்டம்பர் 1914

கண்ணியமிக்க மச்சான் அப்துல் கய்யூம் அவர்களுக்கு, தங்கள் தங்கை கணவன் சிஹாபுதீன் ஸலாம் கூறி எழுதிக்கொள்வது. அல்லாஹ் அருளால் உயிரோடு இருக்கிறேன். சுகம் என்று எழுதக் கை வரவில்லை. உங்கள் ஊர் புக்கிட் ரம்பாய்க்கு நேரிலேயே வந்திருப்பேன்; ஊரைவிட்டு வெளியேறக் கூடாதென்று போலீஸ் உத்தரவு.

நான் ஒற்றன் அல்ல, மச்சான். ரப்பர் வாங்கும் ஜெர்மன் துரையின் கிடங்கில் கணக்கெழுதும் கிராணி, அவ்வளவுதான். பேச்சுத்துணை இல்லாத மனிதர், வேலை முடிந்ததும் எனக்குத் தம் மொழியைச் சொல்லிக்கொடுத்தார். முதல் பாடம் 'கொம்மென்', அதாவது வருதல். இஷ் கொம்மே, நான் வருகிறேன். து கொம்ஸ்ட், நீ வருகிறாய். எர் கொம்ட், அவன் வருகிறான். மறந்துவிடாமலிருக்கத் தாளில் எழுதி அரிசிப் பானைக்கு மேலே சுவரில் ஒட்டினேன். ஜெர்மனியோடு சண்டை மூண்டது, துரையைப் பிடித்துப் போனார்கள், மறுநாள் என் வீட்டைச் சோதித்தார்கள், தாளோடு என்னையும் கொண்டுபோனார்கள். வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் கேட்பதை மொழிபெயர்ப்பாளர் பொன்னையா தமிழில் கேட்டார்.

"கொம்மேன்னா என்னய்யா?"

"வரேன்னு அர்த்தங்க."

"யாரு வரா?"

"நான் வரேன், நீ வர்றே, அவன் வரான், எல்லாரும் வரோம்."

"எந்தக் கப்பல்ல?"

"கப்பல் இல்லீங்க, இலக்கணம்."

"கீழே 'காம்'னு இருக்கே?"

"அது வந்தான்னு…"

"வந்துட்டானா!"

பொன்னையா அதை ஆங்கிலத்தில் சொன்னதும் இன்ஸ்பெக்டர் எழுந்து ஜன்னலைச் சாத்தினார்.

பதினொரு நாள் உள்ளே கிடந்தேன். அடுத்த அறையில் துரை, கடும் காய்ச்சலில். எப்படியிருக்கிறீர்கள் என்று கேட்க வார்த்தை தெரியாமல் சுவரோரம் நின்று "து கொம்ஸ்ட்?" என்றேன். "கேள்வியானால் கொம்ஸ்ட் து" என்று முனகித் திருத்தினார். அதுதான் கடைசிப் பாடம். வியாழன் காலை இறந்துபோனார்.

என்னை விட்டுவிட்டார்கள். தெருவில் ஒருவரும் முகம் கொடுப்பதில்லை. ஹலீமாவும் ஒற்றனோடு குடும்பம் நடத்த மாட்டேனென்று உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அல்லாஹ் மீது ஆணையாக, இனி ஜெர்மன் சொல் ஒன்றைக்கூட நாவால் தொடமாட்டேன். இதை அவளுக்கு வாசித்துக்காட்டி அனுப்பிவையுங்கள்.

மாமிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஸலாமும் துஆவும்.

தங்கள் அன்பு மறவாத,
சிஹாபுதீன்

பி.கு.: உறையை ஒட்டுமுன் பொன்னையா வந்தார். துரையின் மனைவிக்குச் செய்தி எழுத வேண்டுமாம். அந்த அம்மாளுக்கு ஜெர்மன் தவிர வேறு மொழி தெரியாதாம், ஊரில் அது தெரிந்த வேறு ஆளும் இல்லையாம். எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஹலீமாவை இப்போது அனுப்ப வேண்டாம். இறந்தார் என்பதை எப்படிச் சொல்வதென்று துரை எனக்குச் சொல்லித்தரவே இல்லை.