அஞ்சு மணி வாய்தா

எனக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது ஒரு சொல்லைச் சொல்லிவிட்டால், அது எங்கிருந்து வந்தது என்று விளக்காமல் என் வாய் நிற்காது. (தமிழ் எம்.ஏ. படித்ததன் பின்விளைவு. பாதிப்பெல்லாம் பக்கத்தில் இருப்பவர்களுக்குத்தான்.)

கல்யாணமாகித் திருவையாறு பக்கம் வந்த முதல் வருடம். மாமனாருக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருந்தது. ஒரு கண்ணில் கட்டோடு என்னைக் கூப்பிட்டு, எந்த வயலில் என்ன பயிர் என்று வி.ஏ.ஓ. எழுதிக்கொடுத்த அடங்கலைக் கையில் கொடுத்தார்.

"சம்பாவுக்கு இன்சூரன்ஸ் பதியணும்மா. இன்னிக்கு அஞ்சு மணிதான் வாய்தா. விட்டுட்டா, மழையில பயிர் மூழ்கினாலும் நமக்கு ஒண்ணும் கிடைக்காது."

"நான் பாத்துக்கிறேன் மாமா, நீங்க நிம்மதியாப் படுங்க" என்றேன். அந்தத் தோரணையை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

இ-சேவை மையத்தில் மூன்று மணிக்கே டோக்கன் வாங்கிவிட்டேன். பதினேழு. பக்கத்தில் ஒரு பெரியவர் தன் வரப்புத் தகராறு கேஸைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தார். "கோர்ட்டுல வாய்தா மேல வாய்தா போட்டு இழுக்கிறாங்கம்மா."

போதாதா எனக்கு?

"ஐயா, வாய்தான்னா அரபியில கொடுத்த வாக்குன்னு அர்த்தம். உருது வழியா இங்க வந்துச்சு. இந்தத் தேதிக்குள்ள வரி கட்டிடறேன்னு ஒருத்தர் வாக்கு குடுப்பார். அப்புறம் அந்தத் தேதிக்கே அதுதான் பேர் ஆயிடுச்சு!"

நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவுதான், எனக்குத் தலைகால் புரியவில்லை. கெடு, தவணை என்று அடுத்தடுத்துப் போய்க்கொண்டே இருந்தேன். கவுண்டர் பெண் "பதினேழு! பதினேழு யாரு?" என்று மூன்று முறை கூப்பிட்டாளாம். நான் திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஒரு நிமிஷம்மா, முக்கியமான இடம்" என்று கை காட்டினேனாம். பதினெட்டு போனார், முப்பதும் போனார்.

நான் ஒருவழியாக எழுந்துபோனபோது அவள் கணினியை அணைத்துக்கொண்டிருந்தாள். "அஞ்சு ஆயிடுச்சு. சைட்டை மூடிட்டாங்கக்கா."

"நிறுத்தச் சொல்லலாம்னுதான் பாத்தேன். நீங்க மூச்சே விடலியேம்மா" என்றார் பெரியவர்.

மாமா திட்டவில்லை. "சரி விடும்மா, பாத்துக்கலாம்" என்றார். திட்டியிருந்தால் தேவலை. அந்தக் கார்த்திகை முழுக்க மேகம் திரண்டாலே வயலைப் பார்க்க ஓடிவிடுவேன். ஒருமுறை மூன்று நாள் விடாத மழையில் வயலில் தண்ணீர் நின்றது. எனக்குச் சோறு இறங்கவில்லை. "வானத்துகிட்டயும் கொஞ்சம் பேசிப் பாரேன், அசந்துபோய் நின்னுடும்" என்றார் மாமியார். நான்காம் நாள் தண்ணீர் வடிந்து, பயிர் பிழைத்தது.

இப்போதும் ஒவ்வொரு வருடமும் அடங்கலை மாமா என்னிடம்தான் கொடுக்கிறார். "இன்னிக்குத்தாம்மா கடைசி, ஓடு!" விழுந்தடித்து ஓடுவேன். மையம் காலியாகக் கிடக்கும். "அக்கா, இன்னும் பத்து நாள் இருக்கே!" என்று அந்தப் பெண் சிரிப்பாள்.

மூச்சிரைக்க வீடு திரும்பி, "முடிச்சிட்டேன் மாமா" என்பேன். "அப்பாடா, தப்பிச்சோம்" என்பார் மாமா. உள்ளே மாமியார் சிரிப்பை அடக்குவது கேட்கும். எனக்குத் தெரியும் என்பதை இன்றுவரை நான் காட்டிக்கொண்டதில்லை.