எதிர்க்க ஓர் ஆள்

கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்: மெத்தைத் தொழிற்சாலையின் தற்காலிக மேலாளர், அவர் மனைவியின் தம்பியான கணக்கர், தையல் பிரிவை நடத்தும் அக்கா, லாரி ஓட்டுநர். வராதவர்: முதலாளியம்மா. வெளியே நாற்காலியில் காத்திருந்தவர்: ஒரு விடுதிக்கு மெத்தை வாங்க வந்தவர்.

சிக்கல் சின்னது. விடுதிக்காரர் முந்நூறு மெத்தை கேட்கிறார். எடுப்பதா, விடுவதா? சாயங்காலச் சங்கு ஊதுவதற்குள் பதில் வேண்டும்.

"இதுல ஒழுங்கா முடிவெடுத்துக் காட்டுங்க. உங்க பதவிக்கு முன்னாடி இருக்கற ‘தற்காலிக’த்தை எடுத்துடறேன்" என்று சொல்லிவிட்டு முதலாளியம்மா ஊருக்குப் போயிருந்தார்.

மேலாளருக்குக் கவலையில்லை. தலைமைப் பயிற்சி வகுப்பு ஒன்றில் உட்கார்ந்துவிட்டு வந்திருந்தார். கடைசிவரை தூங்காதவர்களுக்கு அங்கே சான்றிதழ் கொடுத்தார்கள். அதைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்.

"எல்லாரும் தலையாட்டினா கம்பெனி குழியில விழும்" என்றார். "அதனால ஒருத்தர், நான் எதைச் சொன்னாலும் எதிர்க்கணும். அதுதான் அவருக்கு வேலை."

கணக்கர் மேசையைப் பார்த்தார். அக்கா கூரையைப் பார்த்தாள். மேலாளர் ஓட்டுநரைப் பார்த்தார். ஒன்பது வருடமாக அந்த மனிதர் வாயிலிருந்து ஒரே ஒரு சொல்தான் வந்திருக்கிறது.

"அண்ணே, எதிர்ப்பீங்களா?"

"சரிங்க."

மேலாளருக்கு நெஞ்சு விம்மியது. ஓட்டுநரைத் தோளோடு அணைத்து வாசலுக்கு இழுத்துப் போனார். "சார், எங்க கம்பெனியில இவர் சரின்னு சொல்லாம ஒரு துரும்பு அசையாது!"

விடுதிக்காரர் மரியாதையாக எழுந்து நின்றார்.

உள்ளே வந்ததும் கணக்கர் முணுமுணுத்தார். "மாமா, ஒருத்தருக்கு அதிகாரம் இருக்குன்னு வெளியாள்கிட்ட நாமளே காட்டிக்கிட்டா, அவர் குடுக்கற வாக்கு நம்மளையும் கட்டுப்படுத்தும்னு வகுப்புல சொன்னதா நீங்கதானே சொன்னீங்க?"

"போ மாப்ளே. எதிர்க்க வெச்ச ஆளு என்னத்தை வாக்கு குடுக்கப் போறாரு? சரி, புழுங்குது. ஃபேனைப் போடலாம்."

"வேணாங்க" என்றார் ஓட்டுநர்.

"பாத்தீங்களா! எப்படி வருது பாத்தீங்களா!" மேலாளர் வியர்த்துக்கொண்டே பூரித்தார். "இப்ப விஷயத்துக்கு வருவோம். ஆர்டரை எடுத்துக்கலாம்."

"வேணாங்க."

"காரணம் சொல்லணும்ணே."

"லாரி சின்னதுங்க."

"ரெண்டு நடையா அடிக்கலாமே."

"நாலு ஆகுங்க. எல்லாம் நான்தாங்க ஓட்டணும்."

அரை மணி நேரத்தில் மேலாளருக்கு லேசாகத் தலை வலித்தது. எதிர்ப்பாளரை எதிர்க்க ஓர் ஆள் போட்டால் சமமாகிவிடும் என்று கணக்கரை நியமித்தார். பிறந்ததிலிருந்து முதலில் கூடப்பிறந்த அக்காவுக்கும், பிறகு மாமாவுக்கும் தலையாட்டியே பழகியவர் கணக்கர். எதிர்த்துப் பேசும் ருசி அன்றைக்குத்தான் தெரிந்தது. ஓட்டுநரை எதிர்த்தார். பிறகு தையல் அக்காவை. பிறகு, நிறுத்த முடியாமல், மாமாவையும்.

"வேலியில போன ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டீங்க" என்றாள் அக்கா.

"எதிர்க்கிறேன்" என்றார் கணக்கர்.

மேலாளர் தந்திரத்தில் இறங்கினார். "நல்லா யோசிச்சேன். ஆர்டர் வேணாம்."

"வேணுங்க" என்றார் ஓட்டுநர்.

"அப்படியா? சரி, எடுத்துக்கலாம்!"

"அப்ப வேணாங்க."

"அண்ணே, இந்த எதிர்ப்பாளர் பதவியையே ரத்து பண்றேன்."

"எதிர்க்கிறேங்க."

சத்தம் விடுதிக்காரர் காதில் விழக் கூடாதென்று அக்கா கதவைச் சாத்தினாள். சாப்பாட்டு மணி அடித்தது. மூவரும் அறையிலேயே உண்டார்கள். ஓட்டுநர் வழக்கம்போல லாரிப் பக்கம் போய்ச் சாப்பிட்டு, கைகழுவிவிட்டு வந்து எதிர்க்க உட்கார்ந்தார்.

இப்போது அவர் இன்னும் தேறியிருந்தார்.

"ஆர்டர்னதும் உங்க கண்ணுக்கு நல்லது மட்டும்தாங்க தெரியுது. மழைக்காலத்துல பஞ்சை எங்கங்க காயவைப்பீங்க?"

"காலையிலேர்ந்து பேசியாச்சுண்ணே. இவ்வளவு பேசிட்டு இப்ப விட முடியுமா?"

"வீணாப் போன நேரத்துக்காக இன்னும் வீணாக்கணுமாங்க? அது தப்புன்னு வகுப்புல சொன்னதா நீங்கதாங்க சொன்னீங்க."

மேலாளர் விரல்விட்டு எண்ணினார். மழைக்காலம். பஞ்சு. சின்ன லாரி. அக்காவைப் பார்த்தார்.

"அவர் சொல்றது சரிதான். முந்நூறுக்கு நம்மகிட்ட இடமே இல்ல" என்றாள் அவள். கத்திக் கத்தி, கணக்கருக்கு எதிர்க்கத் தொண்டை மிச்சமில்லை.

மேலாளர் எழுந்தார். "ஆசைப்பட்டு ஆர்டரை எடுக்கறவன் வியாபாரி. வேணாம்னு சொல்றவன்தான் தலைவன். ஆர்டர் வேணாம்!"

ஓட்டுநர் வாயைத் திறந்தார். சங்கு ஊதியது. வேலை நேரம் முடிந்தது.

"சரிங்க" என்றார்.

ஏகமனதான முடிவு! மேலாளர் அந்த நிமிடமே முதலாளியம்மாவைத் தொலைபேசியில் பிடித்தார். மழை, பஞ்சு, லாரி எல்லாம் சொன்னார்.

"நானும் அதையேதான் நெனச்சேன்" என்றார் முதலாளியம்மா. "எடுத்திருந்தீங்கன்னா கம்பெனி கவுந்திருக்கும். பெருமையா இருக்கு. நாளையிலேர்ந்து நீங்க நிரந்தர மேலாளர்."

சான்றிதழின் கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, முதுகு நிமிர்த்தி வெளியே வந்தார். விடுதிக்காரரிடம் பக்குவமாக மறுப்புச் சொல்ல வாசகம்கூடத் தயார். மற்ற மூவரும் முற்றத்தில் நின்றிருந்தார்கள். நாற்காலி காலி. காவல்கார அம்மா சாவிக்கொத்தோடு காத்திருந்தாள்.

"விடுதிக்காரர் எங்கம்மா?"

"மத்தியானமே கிளம்பிட்டாரே சார். ஆர்டர் உறுதியாயிருச்சாம். ரொம்ப சந்தோஷம் அவருக்கு."

"யாரு உறுதி பண்ணது?"

"இவர் சரின்னு சொல்லாம ஒரு துரும்பு அசையாதுன்னு காலையில நீங்கதானே சார் காட்டினீங்க? சாப்பாட்டு நேரத்துல லாரிகிட்ட போய், ‘முந்நூறு மெத்தை, எடுத்துக்கறீங்களா?’ன்னு இவரையே கேட்டுட்டாரு."

மேலாளர் மெல்லத் திரும்பினார். "அண்ணே... உள்ள அந்த எதிர்ப்பு எதிர்த்தீங்களே?"

"உள்ள சொன்னது வேலைங்க" என்றார் ஓட்டுநர். "வெளிய சொன்னது பழக்கங்க."

காவல்கார அம்மா நிரந்தர மேலாளரின் முதுகுக்குப் பின்னால் கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினாள்.