ஒரு கேக்கின் நிகர எடை

கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த கண்ணாடி ஜாடியைப் பார்த்ததும் டாயில் ஹாஸ்கெட்டுக்கு முழங்கால் வலியே மறந்துபோனது.

"நாடீன், இதுல பச்சையா கொஞ்சம் வெண்ணெய் இருந்துச்சே?"

"ஊறுகாய்க்குப் பின்னாடி ஒளிஞ்சு கிடந்துச்சே, அதுவா? காலையிலயே காலி. வீணாக்கல, நல்ல காரியத்துக்குத்தான் போச்சு" என்றாள் அவர் மனைவி, அடுப்பிலிருந்து கேக்கை எடுத்தபடி. தீயணைப்பு நிலையத்துக்கு நிதி திரட்டும் விருந்துக்கான சாக்லேட் கேக். ஓர் ஆட்டுக்குட்டி தாராளமாகப் படுத்துத் தூங்கலாம், அவ்வளவு பெரிசு.

டாயில் கொல்லைக் கொட்டகைக்குப் போய் மைத்துனன் லானிக்குப் போன் போட்டார். கஞ்சா கலந்த அந்த வெண்ணெய் அவன் கொடுத்தது. லானியின் வீடு சாலைக்கு அந்தப் பக்கம், நியூ மெக்சிகோவில். டாயிலின் வீடு இந்தப் பக்கம், டெக்சஸில். அங்கே கஞ்சா வாங்கினால் ரசீது போடுவார்கள். இங்கே விலங்கு போடுவார்கள்.

"டேய் லானி, முட்டி வலிக்குன்னு கொடுத்தியே, அதை உங்கக்கா கேக்குல போட்டுட்டாடா."

"பூராவுமா? மிளகு அளவு நக்கச் சொன்னேன், மச்சான்! இன்னைக்கு ஊரே ஆடப்போகுது."

"சிரிக்காதடா. மாட்டினா என்ன ஆகும்? கால் பவுண்டு வெண்ணெய்தானே?"

"வெண்ணெயை யாரு நிறுக்கிறா? உங்க டெக்சஸ்ல கேக்கை நிறுப்பாங்க. மாவு, முட்டை, சர்க்கரை எல்லாம் சேத்து. நானூறு கிராம் தொட்டா அஞ்சு வருஷத்துலேந்து ஆயுள் வரைக்கும். அதாவது பதினாலு அவுன்ஸ், ஒரு பவுண்டு கூடத் தேவையில்ல மச்சான்."

பயத்தைவிட அவமானம்தான் டாயிலைப் பிடுங்கித் தின்றது. தானியக் கிடங்கில் முப்பது வருஷமாக எடை போடுகிறவர் அவர். பாரத்தோடு லாரியை நிறுத்து, காலி லாரியை நிறுத்து, கழித்து வந்த நிகர எடைக்குத்தான் சீட்டு எழுதுவார்.

"லாரியோட சேத்துக் கோதுமையை நிறுத்தேன்னா என்னை உதைப்பாங்கடா!"

"சட்டத்துக்கு லாரியும் கோதுமைதான், மச்சான்."

"அப்ப கேக்கை உன் வீட்டுக்குக் கொண்டுவந்துடறேன். ரோட்டைத் தாண்டிட்டா தப்பில்லையே?"

"தாண்டிட்டா தப்பில்ல. தாண்டும்போது தப்பு. மாநிலம் விட்டு மாநிலம் கடத்தல். உங்க ஷெரீப் போதாதுன்னு வாஷிங்டன் போலீசும் வரும்."

மனைவியிடம் உண்மையைச் சொல்லிவிடலாம். ஆனால் நாடீன் தேவாலயப் பாடகர் குழுத் தலைவி. இருமல் மருந்தில் சாராய வாசனை வந்தாலே கடைக்காரனிடம் திருப்பிக் கொடுப்பவள். அவளிடம் சொல்வதற்கு ஜெயிலே மேல் என்று டாயில் முடிவு செய்தார்.

உள்ளே வந்தால், அவள் கிண்ணம் நிறைய க்ரீம் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"ஐயோ, அதைப் பூசாதே! அது இன்னும் அஞ்சு வருஷம்!"

"என்னது?"

"இல்ல... அஞ்சு வருஷமா இதே க்ரீம்தானேன்னு..."

"ஓ, அலுத்துப்போச்சோ?" நாடீன் கோபத்தோடு இரண்டு அங்குலக் கனத்துக்குப் பூசினாள். மேலே ஒரு கூடை பீக்கன் கொட்டைகளையும் அழுத்தினாள்.

அவள் உடை மாற்றப் போன நேரத்தில் டாயில் சரக்கைக் குறைக்கப் பார்த்தார். கரண்டியை விட்டு ஒரு மூலையைத் தோண்டி, கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். அரை பவுண்டு தேறும். திரும்பி வந்த நாடீன் பள்ளத்தைப் பார்த்தாள். அவர் மீசையையும் பார்த்தாள்.

"அவ்வளவு பிடிச்சிருக்கா?" கோபம் போய்விட்டது. காய்ச்சிய சர்க்கரைப் பாகை அந்தப் பள்ளத்தில் வழிய வழிய ஊற்றினாள். "இப்பப் பாரு, முன்னைவிட நல்லா கனமா இருக்கு!"

பத்தே நிமிஷத்தில் டாயிலுக்குக் கால் தரையில் படாத மாதிரி இருந்தது. கேக்கை ஏற்றப் போனபோது வேனின் கதவு அவரைப் பார்த்துக் கண்ணடித்தது.

விருந்துக் கூடத்தில் இன்னொரு இடி. இந்த வருஷம் புதுப் போட்டி: கேக்கின் எடையைச் சரியாகச் சொல்பவருக்கே கேக். நிறுத்துச் சொல்ல ஊரில் டாயிலை விட்டால் யார்?

தராசுக்குப் பக்கத்தில் ஷெரீப் பர்ல் டீக் நின்றிருந்தார். சொந்தக் கல்யாணப் போட்டோவிலேயே முறைத்துக்கொண்டு நிற்கும் மனிதர். இன்று டாயிலைப் பார்த்துச் சிரித்தார். கையில் நாலாவது தட்டு இறைச்சி.

"டாயில், இந்தக் கேக்கை நான் ரொம்ப நேரமா கவனிச்சுக்கிட்டே இருக்கேன்."

"அப்... அப்படியா ஷெரீப்?"

"ரொம்ப ஆழமான கேக்" என்று காதோடு சொல்லி, மறுபடியும் சிரித்தார்.

தெரிந்துவிட்டது! பிடிப்பதற்கு முன் விளையாடுகிறார் என்று டாயிலுக்கு வேர்த்துக் கொட்டியது.

"நாலு பவுண்டு!" என்றது கூட்டம். "அஞ்சு!" "ஏழு!" ஒவ்வொன்றும் தீர்ப்பு வாசிப்பது போலவே காதில் விழுந்தது.

முப்பது வருஷத்தில் முதல்முறையாக டாயில் தட்டுக்கு அடியில் விரல்களைக் கொடுத்துத் தூக்கினார். தராசின் எண்கள் அவர் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும்.

"பதிமூணு அவுன்ஸ்!"

கோதுமை விவசாயி கிளீட்டஸ் மெதுவாக எழுந்தான். "இந்த மலை பதிமூணு அவுன்ஸுன்னா, போன வாரம் என் கோதுமையை எப்படிய்யா நிறுத்தே?"

அவன் பின்னால் இன்னும் நாலு விவசாயிகள் எழுந்தார்கள்.

"டாயில், விரலை எடு" என்றாள் நாடீன்.

எடுத்தார். "ஆறே கால் பவுண்டு" என்றார். பிறகு இரண்டு கைகளையும் சேர்த்து ஷெரீப் முன் நீட்டினார். "அந்த வெண்ணெய் என்னுது. அதுல கஞ்சா இருக்கு. என் பெண்டாட்டிக்கு ஒண்ணும் தெரியாது. அஞ்சோ ஆயுளோ, கொஞ்சம் பாத்துப் போட்டுக் கொடுங்க."

ஷெரீப் அந்தக் கைகளை வெகுநேரம் பார்த்தார்.

"எவ்வளவு அழகான கை!" என்றார். டாயிலைக் கட்டிக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

அப்போதுதான் ஷெரீப்பின் மனைவி வெர்னா காலித் தட்டோடு சமையலறையிலிருந்து வந்தாள்.

"நாடீன், காலையில கேக்குக்குன்னு என் நல்ல வெண்ணெயை வாங்கிக்கிட்டு அந்தப் பச்சை வெண்ணெயை என் தலையில கட்டிட்டியேன்னுதான் நினைச்சேன்; ஆனா அதுல சுட்ட பிஸ்கட்டு பன்னெண்டையும் இவரே தின்னுட்டு, கல்யாணமானதுலேந்து இன்னைக்குத்தான் சிரிக்கிறாரு — இன்னொரு ஜாடி கிடைக்குமா?"