மாவட்ட அணியில் ஏன் ஆளில்லை?

மாவட்ட ஹாக்கி அணி பதினான்காவது முறையாகத் தோற்ற மறுநாள், பேராசிரியர் கிராம்னிட்ஸ் சேஷாத்ரியை அறைக்குக் கூப்பிட்டார். தீஸிஸில் கையெழுத்துப் போடத்தான் கூப்பிடுகிறார் என்று நம்பி, டை எல்லாம் கட்டிக்கொண்டு போனான் சேஷாத்ரி.

அது 1974. அவன் பிராங்பேர்ட்டுக்கு வந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. திருச்சியில் மனைவி வைதேகியும், அவன் இன்னும் கண்ணால் பார்க்காத மூன்று வயதுப் பெண்ணும் இருந்தார்கள். அந்த ஒரு கையெழுத்து விழுந்தால் பெட்டி கட்டிவிடலாம்.

பேராசிரியருக்கோ வேறு கவலை. ரசாயனத்தில் உலகப் பெயர் வாங்கிய அந்த மனிதர்தான் மாவட்ட அணிக்கும் தலைவர். ஊரில் வேறு யாரும் ஆட வராததால், தன்னிடம் ஆராய்ச்சி செய்யும் மாணவர்களையே அணியாக்கியிருந்தார். கூப்பிட்டால் மறுக்க முடியாதவர்கள் என்பதுதான் அவர்களுடைய தகுதி. சேஷாத்ரி மட்டும் எப்படியோ அதுவரை தப்பித்திருந்தான்.

"போட்டி போடுற மாதிரி ஒருத்தன்கூட நம்ம அணியில ஏன் இல்லை? கண்டுபிடிச்சு எழுதிக் கொடுங்க, சேஷாத்ரி. அப்புறம் உங்க தீஸிஸைப் பார்ப்போம்" என்றார்.

சேஷாத்ரி இரண்டு வாரம் மைதானத்தின் ஓரத்தில் நோட்டுப் புத்தகத்தோடு நின்றான். முப்பத்தோரு பக்கம் எழுதினான். சாரம் இவ்வளவுதான்: பயிற்சி போதாது.

பேராசிரியர் பூரித்துப்போனார். பிப்ரவரி மாதப் பனியில், காலை ஆறு மணிக்குப் பயிற்சி என்று அறிவித்தார். வருகைப் பதிவேடு சேஷாத்ரியின் கையில் வந்தது. அன்றிலிருந்து கேண்டீனில் அவன் உட்கார்ந்த மேஜையில் வேறு யாரும் உட்காரவில்லை. ஒரே வாரத்தில் ஏழு பேருக்கு முழங்கால் வலி வந்தது. ஏழு சான்றிதழும் ஒரே டாக்டர் கொடுத்தவை.

அடுத்த அறிக்கையில் ஊட்டம் போதாது என்று எழுதினான். பாலும் முட்டையும் வந்தன. ஆட்டக்காரர்கள் மகிழ்ச்சியோடு எடை கூடினார்கள். பதினைந்தாவது, பதினாறாவது தோல்விகளும் கூடின. பதினாறாவதில், பந்து வரும்போது கோல்கீப்பர் ஹெல்முட் முதுகைத் திருப்பிக்கொண்டு ஷூ லேஸ் கட்டினார். வழுக்கை விழுந்த மூத்த மாணவர் அவர். சேஷாத்ரி அதையும் குறித்துக்கொண்டான். ஹெல்முட் ஏதோ சொல்ல வாயெடுத்தவர், நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார்.

பதினேழாவது ஆட்டத்துக்கு, முழங்கால்கள் போக, பத்துப் பேர்தான் மிஞ்சினார்கள்.

"நீங்க ஆடுங்க. இந்தியர்தானே, ஹாக்கி உங்க ரத்தத்துல இருக்கு" என்றார் பேராசிரியர்.

என் ரத்தத்தில் அப்படி ஒன்றும் இல்லை, வடாம் காயும் மொட்டைமாடியில் குரங்கு விரட்டத்தான் மட்டையைத் தொட்டிருக்கிறேன் என்று சேஷாத்ரி மன்றாடிப் பார்த்தான். பேராசிரியர் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

ஆட்டத்தன்று காலை வைதேகியிடமிருந்து கடிதம் வந்தது. குழந்தை இப்போது தபால்காரரை அப்பா என்று கூப்பிடுகிறதாம்.

அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது. சேஷாத்ரி வெறி பிடித்தவன் போல ஓடினான். குரங்கை நினைத்துக்கொண்டு, கண்ணை மூடி ஓங்கி அடித்தான். கோல். இரண்டாவது பாதியில் இன்னொன்று. அணி இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்துவிட்டது.

பேராசிரியர் மைதானத்துக்குள் ஓடிவந்து அவனைக் கட்டிக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. இப்படி ஒருவருக்காகத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தேன் என்றார்.

மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து, துக்க வீட்டில் கை பிடிப்பதுபோல அவன் கையைப் பிடித்துவிட்டுக் குனிந்த தலையோடு போனார்கள். பொறாமை என்று நினைத்துக்கொண்டான் சேஷாத்ரி.

உடை மாற்றும் அறையில் ஹெல்முட் மட்டும் இருந்தார். திங்கட்கிழமை எப்படியும் கையெழுத்து ஆகிவிடும், டிக்கெட்டுக்கு இப்போதே சொல்லிவைக்கலாமா என்று சேஷாத்ரி அவரிடம் கேட்டான்.

ஹெல்முட் கால்பட்டைகளைக் கழற்றி வைத்துவிட்டு, அவன் தோளில் கை போட்டார்.

"அறுபத்தாறுல நான் ஒரு பெனால்டியைத் தெரியாம தடுத்துட்டேன் தம்பி; என் தீஸிஸ் இன்னும் அவர் மேஜையிலதான் கிடக்கு."